மேனிஃபோல்ட் பேக்கிங் மாற்றுவது எப்படி: பழைய காருக்கான முழுமையான வழிகாட்டி

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். தர்மபுரி ஊரைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. அதுதான் அடங்கிவிட்டதே என்று ஆறு மாதம் ஓட்டுவோம். பிறகு ஒருநாள் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி டிராக்டர் மாதிரி கத்தும். வண்டிக்குள் புகை நாற்றம் அடிக்கும்.

இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டிலிருந்து வரும் புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்புவது மேனிஃபோல்ட். அது ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைப்பது பேக்கிங். அது போனால்தான் இந்தச் சத்தம். அதை மாற்றும் வேலையை நான் மூன்று முறை செய்திருக்கிறேன். வண்டி 1990-களில் வந்த கார்புரேட்டர் மாருதி 800. அதன் பிறகு அக்கம்பக்கத்துத் தம்பிகள் தங்கள் வண்டியில் செய்யும்போது கூட நின்றிருக்கிறேன். நான் முதல் முறை போட்ட பேக்கிங் இரண்டே மாதத்தில் போய்விட்டது. பேக்கிங் மேல் தப்பில்லை. பழையது ஏன் போனது என்று பார்க்காமலே புதியதை மாட்டியது என் தப்பு. அது தானாகப் போவது அபூர்வம், ஏதாவது ஒன்று அதைக் கெடுத்திருக்கும். கீழே சொல்வதில் பாதி அந்த ஒன்றைத் தேடும் வேலைதான்.

1. சத்தம் இதனால்தானா?

வால்வை அசைக்கும் டேப்பட்டின் சத்தமும் இதே மாதிரிதான் கேட்கும். நிறையப் பேர் டேப்பட்டை இரண்டு முறை செட் செய்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் மேனிஃபோல்ட் பக்கம் வருகிறார்கள்.

முதல் சோதனை கண்ணால். இன்ஜின் ஆறியிருக்கும்போது, மேனிஃபோல்டை மறைத்திருக்கும் வெப்பத் தகட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் விசிறி விரித்ததுபோலக் கரி படிந்திருந்தால் புகை அங்கேதான் வெளியேறுகிறது.

கரி தெரியவில்லையா? ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதருகே பிடியுங்கள். இன்ஜின் ஓடும்போது மறுமுனையை ஒவ்வொரு போர்ட்டுக்கும், அதாவது ஹெட்டில் புகை வெளியேறும் துளைக்கும், அருகே கொண்டுபோனால், லீக் இருக்கும் இடத்தில் சத்தம் காதில் அறையும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கையும் துண்டும் ஜாக்கிரதை.

இன்ஜினை ஓட்டாமலே பார்க்கவும் வழி இருக்கிறது. தூசி ஊதும் ப்ளோயரைச் சைலன்சர் வாலில் வைத்துத் துணியால் சுற்றி அடைத்து ஊதுங்கள். மேனிஃபோல்ட் விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கட்டும். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். சூடு கிடையாது, சத்தம் கிடையாது, சந்தேகமும் மிஞ்சாது.

சூடானதும் சத்தம் குறைவதற்குக் காரணம், இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்வது. ஓட்டை சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். வெளியே வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்குக்குத் தெரிவது மற்ற புகைதான். வண்டியில் ஏறினால் தலைவலி வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அந்த வாரமே வேலையை முடியுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

2. கழற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ஸ்டட் (மேனிஃபோல்டைப் பிடிக்க ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்கம்பி) உடைந்தால் திங்கட்கிழமை வேலைக்கு பஸ்தான்.

மேனிஃபோல்ட் பேக்கிங் ஒன்று. மேனிஃபோல்டும் சைலன்சர் முன்குழாயும் சேரும் இடத்துக்கான பேக்கிங் ஒன்று. இந்த இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழையதைக் கழற்றினால் திரும்ப அது உட்காராது. கார்புரேட்டர் வண்டிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் பேக்கிங் வேறாக இருக்கலாம் என்பதால் வெறும் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், வருஷத்தையும் சேசிஸ் நம்பரையும் சொல்லுங்கள். பழைய மாடல்களுக்கு உள்ளூரில் கிடைக்காவிட்டால் சேலம், இல்லையென்றால் பெங்களூரு ஜேசி ரோடு. அங்கே போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் வந்து சேர்ந்துவிடும்.

புதிய நட்டுகள் முழு செட், ஸ்டட் இரண்டு மூன்று கூடுதலாக. செம்பு முலாம் பூசிய நட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள், அடுத்த முறை கழற்றும்போது துருப்பிடித்து ஒட்டியிருக்காது.

கருவிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை மூன்று. ஆறு மூலை சாக்கெட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையைத் தின்றுவிடும். டார்க் ரெஞ்சை ஒருநாளைக்கு வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிக்கொள்ளலாம். மற்றபடி நீள எக்ஸ்டென்ஷன், துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டி, ஒரு அடி எஃகு ஸ்கேல், ஜாக்கி, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு முட்டு, மாஸ்க், கையுறை.

3. முந்தின நாள் சாயங்காலம்

எல்லா நட்டுக்கும் ஸ்ப்ரே அடியுங்கள். சைலன்சர் முன்குழாய் நட்டுக்கும் சேர்த்து. இரவு படுக்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை. மரைக்குள் எண்ணெய் ஊறி இறங்க நேரம் வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிஷமே ஸ்பானர் போடுவதும் அடிக்காமலே போடுவதும் ஒன்றுதான்.

சூடாக இருக்கும் மேனிஃபோல்ட் மேல் அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும்.

4. கழற்றும் வரிசை

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கை சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாருதி மாதிரி வண்டிகளில் ஹெட் அலுமினியம். சூட்டில் அது இளகி நிற்கும்போது ஸ்டட்டைத் திருகினால் மரையும் கூடவே வந்துவிடும்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிடுங்கள். பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

முதலில் கழற்ற வேண்டியது சைலன்சர் முன்குழாய் நட்டு. பலர் மேலேயிருந்து ஆரம்பிக்கிறார்கள். மேனிஃபோல்ட் ஹெட்டில் இறுக்கமாக இருக்கும்போதுதான் கீழ் நட்டை முறுக்க ஆதாரம் கிடைக்கும். மேலே கழற்றிவிட்டால் கீழே பலம் போடும்போது மொத்தமும் ஆடும், மிச்சமிருக்கும் ஸ்டட் வளையும். கழற்றிய குழாயைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது அடியில் கட்டை வையுங்கள். முழுப் பாரத்தோடு தொங்கினால் பின்னாலிருக்கும் ரப்பர்கள் கிழியும்.

அடுத்து வெப்பத் தகடு. அதன் சின்ன போல்ட்டுகள் உடைந்தால் பெரிய நஷ்டமில்லை. இன்ஜெக்ஷன் வண்டி என்றால் ஆக்சிஜன் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள், ஒயரில் மேனிஃபோல்ட் தொங்கக் கூடாது.

பிறகுதான் மேனிஃபோல்ட் நட்டுகள். இரண்டு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று. திரும்ப ஒரு சுற்று வந்து இன்னொரு கால் சுற்று. ஒரு ஓரத்தை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் மொத்த இழுவையும் கடைசி ஸ்டட்டில் போய் நிற்கும்.

இளகாத நட்டைக் கழற்றும் பக்கமே முறுக்கிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்புங்கள். ‘டிக்’ என்று துரு உடையும் சத்தம் வரும். அப்புறம் கழற்றுங்கள். மறுபடி சிக்கினால் முன்னும் பின்னும், ஸ்ப்ரே, முன்னும் பின்னும். இப்படி ஒரே நட்டுக்கு அரை மணி நேரம் போனதும் உண்டு. உடைந்த ஸ்டட்டை எடுக்க ஆகும் ஒரு நாளோடு ஒப்பிட்டால் அரை மணி பெரிதில்லை. ஸ்டட் நட்டோடு சேர்ந்தே வெளியே வந்தால் பதற வேண்டாம், நல்லதுதான். புதியது போடுங்கள்.

நட்டுக்கு கேஸ் தீ வைத்துச் சூடு காட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெட்ரோல் கார்புரேட்டர் பக்கத்திலேயே இருக்கும் வண்டியில், வீட்டு வாசலில், நான் அதைச் செய்ய மாட்டேன்.

இடையில் ஒன்று. அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். அதில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், இரண்டுக்கும் பேக்கிங் ஒன்றே. கார்புரேட்டரையும் சேர்த்துக் கழற்ற வேண்டிவரும். சரியாக உட்காராவிட்டால் சத்தத்தோடு ஐட்லிங்கும் தள்ளாடும்.

5. ஸ்டட் உடைந்தால்

பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்தான் உடையும். ஏற்கனவே உடைந்தே கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு அடி நீள வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஹெட் அந்த அளவு சூடேறாது, அவ்வளவு நீளாது. இந்த வித்தியாசத்தைத் தினமும் இழுத்து இழுத்துத் தாங்குவது ஓரத்து ஸ்டட்டுகள்.

கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் இடமில்லாமல் துண்டாக நின்றால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் வைப்பதுதான் வழி. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் எடுத்து, பெட்ரோல் லைனை விலக்கி, தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை இது.

ஹெட் மட்டத்துக்கே உடைந்திருந்தால் நிறுத்துங்கள். கை டிரில்லை எடுத்துக்கொண்டு குனியாதீர்கள். அலுமினியம் மெத்து, ஸ்டட் எஃகு. டிரில் எப்போதும் மெத்தென்ற பக்கமே சறுக்கும். ஓட்டை கோணலாகிவிட்டால் அப்புறம் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். லேத்காரரிடம் போனால் நடுவில் துளைத்து எடுத்து, மரை போயிருந்தால் கம்பிச் சுருளால் ஆன புது மரை போட்டுக் கொடுப்பார். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் அவமானமில்லை.

6. பழையதைச் சுரண்டுவது

பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கம்ப்ரஸர் வைத்து ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மாஸ்க் போட்டு, மெல்லச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு கவரில் கட்டிப் போடுங்கள்.

சுரண்டுவதற்கு முன் ஒவ்வொரு போர்ட்டிலும் துணி அடைத்துவிடுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

ஹெட் பக்கம் பிளாஸ்டிக் அல்லது பித்தளை மட்டுமே. எஃகு உளி ஒரு கீறல் போட்டால் போதும், புகை அந்த வாய்க்காலிலேயே வழி கண்டுபிடித்துவிடும். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, அதற்குக் கம்பி பிரஷ் தாங்கும்.

7. மட்டம் பார்ப்பது

முதல் முறை நான் விட்ட படி இது. இப்போதும் பத்தில் ஒன்பது பேர் விடுவது இதைத்தான்.

இரண்டாவது முறை கழற்றிய மேனிஃபோல்டை லேத்துக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். எஃகு ஸ்கேலைச் செங்குத்தாக அதன் முகத்தில் வைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“இங்க வந்து குனிஞ்சு பாருங்கண்ணா.”

பார்த்தேன். நடுவில் ஸ்கேல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது போர்ட் பக்கம் போகப் போக, ஸ்கேலுக்கு அடியில் நகத்தின் பிறைபோல ஒரு வெளிச்சம். ஃபீலர் கேஜில் 0.25 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் உள்ளே போனது. “இதுல தங்கத்துல பேக்கிங் போட்டாலும் நிக்காது” என்றார்.

நீங்களே பார்க்கலாம். ஸ்கேலை நீளவாக்கில், பிறகு இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, ஸ்கேலுக்கும் முகத்துக்கும் நடுவே ஃபீலர் தகடு நுழைகிறதா பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் மேனிஃபோல்டை மட்டம் பிடிக்கக் கொடுத்துவிடுங்கள். எல்லா போர்ட் முகத்தையும் ஒரே தளத்தில் சீவ வேண்டும் என்று சொல்லியே கொடுங்கள். ஒவ்வொன்றாகத் தேய்த்தால் ஒன்று உயரமும் ஒன்று பள்ளமுமாகத்தான் வரும். வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பதும் அதே கதை.

ஹெட் முகத்தையும் அதே மாதிரி பாருங்கள். அது கோணியிருப்பது குறைவு. கோணியிருந்தால் வேறு பெரிய செலவு.

கையோடு விரிசலும் பார்த்துவிடுங்கள். மேனிஃபோல்டைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு நன்றாகத் துடையுங்கள். அதன் மேல் சாக்பீஸ் தூளைப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் ஈரக் கோடாகத் தெரியும். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டுகிறார்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் பக்கத்திலேயே மறுபடி விடும். நல்ல நிலையில் பழைய மேனிஃபோல்ட் ஒன்று கிடைத்தால் அதை மாட்டுவதுதான் என் யோசனை.

8. மாட்டும் முன் இன்னும் இரண்டு இடம்

இன்ஜின் மவுண்ட் ரப்பர். கிழிந்திருந்தால் கிளட்சை விடும்போதெல்லாம் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும். கீழே சைலன்சர் வண்டியோடு கட்டிக்கிடக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது மேனிஃபோல்ட். என் முதல் பேக்கிங்குக்குக் கோணலோடு இதுவும் சேர்ந்திருந்தது. ஒருவரை பானெட் அருகே தள்ளி நிற்கவைத்து, கை பிரேக் போட்டு கிளட்சை மெல்ல விட்டால் ஆட்டம் தெரியும். இதைக் கழற்றும் முன்பே, இன்ஜின் ஓடும் நிலையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள். ஒன்று அறுந்திருந்தாலும் குழாயின் பாரம் முன்னால் வந்து விழும். கிராமத்து ரோடுகளில் வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் அடி. ரப்பர் விலை பேக்கிங் விலையைவிடக் குறைவு, யோசிக்காமல் மாற்றுங்கள்.

9. மாட்டும் வரிசை

புதிய ஸ்டட்டைக் கையால் உள்ளே ஓட்டி, லேசாக மட்டும் இறுக்குங்கள். நட்டு உட்காரும் மரைக்கு, அது ஒட்டிப் பிடிக்காமல் இருக்கச் சூடு தாங்கும் வழுக்குப் பசை (ஆன்டி-சீஸ்) கொஞ்சம் தடவலாம்.

பேக்கிங்கை ஸ்டட்டில் கோத்து, ஒவ்வொரு போர்ட்டிலும் விளிம்பு உள்ளே துருத்தவில்லை என்று பாருங்கள். சில பேக்கிங் தலைகீழாகவும் நுழையும், ஆனால் போர்ட்டைக் கால்வாசி மறைத்துவிடும். போர்ட்டில் அடைத்த துணிகளை இப்போதே எடுத்துவிடுங்கள், எண்ணி.

பேக்கிங் மேல் சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். ஒரு தம்பி பேக்கிங்கின் இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவி மாட்டினார். அந்தச் சூட்டில் பேஸ்ட் கருகிப் பொடியாகிவிட்டது. அது இருந்த கனத்துக்கு இடைவெளி விழுந்து, மூன்றாம் நாள் பழைய சத்தம் திரும்பி வந்தது. காய்ந்த முகம், காய்ந்த பேக்கிங், அவ்வளவுதான்.

மேனிஃபோல்டை ஏற்றி எல்லா நட்டையும் கையால் ஓட்டுங்கள். கீழே முன்குழாயையும் புதிய பேக்கிங்கோடு கையிறுக்கத்தில் கோத்துவிடுங்கள். குழாய் தானாக வந்து பொருந்த வேண்டும். நெம்பித்தான் உட்காருகிறது என்றால் அந்த நெம்பு விசை முழுக்க இனி பேக்கிங்கின் தலையில்தான். பின்னாலிருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி, நேர் செய்யுங்கள்.

இனி இறுக்குவது. நடுவிலிருந்து ஓரங்களுக்கு, வலம் இடமாக மாறி மாறி. முதல் சுற்றில் பாதி விசை, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுசு. 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. மரையில் பசை தடவியிருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறேன். வழுக்கும் மரையில் அதே எண்ணுக்கு நட்டு அதிகம் இறுகிவிடும்.

டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் கை நிற்க வேண்டும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று முறுக்குவதில்தான் அலுமினிய மரை உருவிக்கொண்டு வருகிறது.

மேலே முடிந்த பிறகு கீழ் நட்டு, அதற்குப் பிறகு பின் கிளாம்ப். வெப்பத் தகட்டை இப்போது போட வேண்டாம், அடுத்த நாள் அதைத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.

10. முதல் ஸ்டார்ட்டும் மறு இறுக்கமும்

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்ப்ரே, கைரேகை எண்ணெய், பசை எல்லாம் எரிந்து பத்துப் பதினைந்து நிமிஷம் வெள்ளைப் புகை வரும். முதல் முறை நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை ஊற்றவில்லை. சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல்தான். புகை குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ உடனே நிறுத்துங்கள்.

ரப்பர் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொரு போர்ட்டையும் கேட்டுவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். இரவு முழுக்க ஆறட்டும்.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்த நிலையில், அதே வரிசையில் அதே விசைக்கு ஒரு சுற்று. முதல் சூட்டில் பேக்கிங் அமுங்கியிருக்கும், இரண்டு மூன்று நட்டாவது சற்று நகரும். பேக்கிங் கவரில் மறுபடி இறுக்கக் கூடாது என்று போட்டிருந்தால் மட்டும் இந்தச் சுற்றை விடுங்கள். இப்போது வெப்பத் தகட்டை மாட்டுங்கள். அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு, பக்கத்திலிருக்கும் ஒயரும் ரப்பர் ஹோஸும் வெந்து போன பிறகுதான் தகடு எதற்கு என்று புரியும்.

சோதனை ஓட்டத்துக்குச் சமதளம் போதாது. பாரத்தில் இழுக்கும்போதுதான் புகையின் அழுத்தம் கூடும். எங்கள் பக்கத்தில் அதற்குத் தொப்பூர் ஏற்றம் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் போகும் வழி. கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாவது கியரில், ரோட்டோரத் தடுப்புச் சுவரை ஒட்டிப் போகும்போது காது கொடுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் குளிர்ந்த இன்ஜினில் வெப்பத் தகட்டைத் தூக்கி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கரி விசிறி புதிதாக எங்காவது விரிந்திருந்தால் அந்தப் போர்ட்டின் ஸ்டட்டிலிருந்து மறுபடி தேட ஆரம்பிக்க வேண்டும்.